செந்நூல் கட்டி வந்த ஓலை

முக்குன்றமும் ஈராறும் காக்கும் குவளைநாட்டை உடைய, அடலேறு என்னும் பட்டம் பூண்ட ஆதன்கொற்றப் பெருமான் திருச்செவியை இவ்வோலை சேர்க. அவர் கோயிலும் குடியும் குறைவின்றி வாழ்க. இது பாவைக்கூத்துத் தலைவி காரிநங்கை அம்மையின் கதைக்கட்டுக்குள் ஒளிந்து வருகிறது. கட்டை அவிழ்க்கும் அம்மை, ஆட்டத்துக்கு வந்த புதுக்கதை என்று இதை ஒதுக்காமல், நேரே அவைக்கு எடுத்துச் சென்று உரக்கப் படிப்பாராக. வழியில் அஞ்சல் சாவடிதோறும் கட்டின் நடுவிலிருந்து ஓர் ஏட்டை உருவிப் பார்ப்பது வழக்கமாகையால், இனிவருவது கதை நடையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

குமிழூர் எயினன் என்று ஓர் அமைச்சன் இருந்தான். நாட்டின் கட்டளைகளையெல்லாம் எழுதும் கை அவனுடையது. அந்நாளில் அஞ்சலோட்டர் பாதைக்கு ஒரே முறைதான்: குயவன் ஓலையாயினும் கோமான் ஓலையாயினும், சாவடிக்கு வந்த வரிசையிலேயே கயிற்றில் கோத்து, அதே வரிசையில் அனுப்புவார்கள். சென்ற தைத்திங்களில் பாதைக்குழுத் தலைவன் சேந்தன் அவைக்கு வந்தான். கூத்தரின் பெருங்கட்டுகள் பாதையை அடைப்பதாகவும், படி செதுக்கிப் பாலம் கட்டுவது தன் குழுவே என்பதால், தனியே பொருள் தருவோர் கட்டுக்குச் செந்நூல் சுற்றி முன்னே அனுப்பும் உரிமை தனக்கு வேண்டும் என்றும் விண்ணப்பித்தான்.

பெரிய கூத்தர் எப்படியும் கொடுத்துவிடுவர், ஊர் ஊராக ஆடிப் பிழைக்கும் சிறு கூத்தர் எங்கே போவர் என்று காரிநங்கை அவை நடுவே நின்று கேட்டார். எயினன் சிரித்தான். அரசு ஓலைக்குத்தான் குதிரை இருக்கிறதே, நமக்கென்ன என்ற இறுமாப்பில், அரசு ஓலைக்கு விலக்கு ஒன்றும் வையாமல் கட்டளையை எழுதினான். வரிசையைக் கலைக்கும் சாவடிக்காவலன் கால்நரம்பு அறுபடும் என்று ஒரு வரியையும், யாரும் கேளாமலே, அழகுக்காகச் சேர்த்தான். காரிநங்கையும் பிறகு வேறு வழியின்றிச் செந்நூல் வாங்கினார்.

இக்கார்த்திகையில் ஏரி காண வந்த எயினன் மருதவாய் ஊரில் அகப்பட்டான். மூன்று புறமும் வெள்ளம். நான்காம் புறம் கசியும் ஏரிக்கரை. குதிரைப்பாதை நீருக்குள் போயிற்று. எஞ்சியது அஞ்சலோட்டரின் கயிற்றுப்பாலம் ஒன்றே. அதில் பழகிய கால் நடக்குமே தவிர, கைக்குழந்தையோடு ஒரு தாய் நடக்க முடியாது. தலைநகர்ப் பக்கத்துக் கலிங்கைத் திறந்தால் ஏரி வடியும். அதைத் திறக்கவோ பெருமான் ஆணை வேண்டும்.

எயினன் ஓலை எழுதி, முத்திரை இட்டு, சாவடிக்கு ஓடினான். காவலன் பூதன் கைகூப்பி, செந்நூல் கட்டு நாற்பத்தொன்று முன்னே நிற்பதாகவும், நாளுக்கு ஐந்துக்குமேல் பாலம் தாங்காது என்றும், தன் காலைப் பற்றிய வரியை எழுதியவர் தாங்களே என்றும் பணிவோடு சொன்னான். செந்நூலோ தலைநகரில் மட்டுமே கிடைக்கும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். எயினனுக்கு அதைவிடப் பொருத்தமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. மூன்று நாள் அவன் ஓலை கயிற்றின் கடைசியில் தொங்கியது. பாவைகளின் புதுப் பட்டாடைகள் அதைக் கடந்து சென்றன. அவனுக்கு அழுகை வந்தது.

இவ்வூரில் ஆடவந்து தானும் சிக்கிக்கொண்ட காரிநங்கையின் தம்பி, மழைக்கு முன்பே செந்நூல் சுற்றி வரிசையில் வைத்து, அடுத்துப் புறப்படவிருந்த தன் கதைக்கட்டில் சில ஏடுகளுக்கு இடம் தந்தான். அக்காளை அவையில் பார்த்துச் சிரித்தவன் நீர்தானே என்று மட்டும் கேட்டான். எயினன் ஆம் என்றான்.

கதை முடிந்தது, இனி விண்ணப்பம். இன்றே கலிங்கு திறக்கப்படுக. அரண்மனைப் பூந்தோட்டம் மூழ்கும்; மூழ்கட்டும். இங்கே அறுநூறு குடும்பம் இருக்கிறது. கரை இன்னும் இரண்டு நாள் தாங்கினால் பெரிது. செந்நூல் கட்டளை கிழிக்கப்பட்டு, வந்த வரிசையே மீண்டும் முறையாகுக.

முத்திரை கண்டால் சாவடியில் இவ்வோலையைப் பிரித்து அரசு ஓலைகளோடு கடைசியில் கோத்துவிடுவார்கள் ஆகையால், முத்திரை இல்லை. ஐயுறுவோர் அந்தக் கட்டளையை எடுத்துவந்து இதன் அருகே விரித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் எழுதியது ஒரே கை.