பொன்னேர்ப் பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய்

என் தங்கையைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னோடு வாய்ச்சண்டை போட்டே காலத்தை ஓட்டிய அருமை மாப்பிள்ளைக்கு,

மேலே சௌக்கியமா? அங்கேயும் யாரையாவது பிடித்து உட்காரவைத்து, வார்த்தைக்கு வேர் தோண்டிக்கொண்டுதான் இருப்பாய். இங்கே திருப்புலி நாட்டில் நல்ல மழை. உன் மிளகுக்கொடி மரத்தின் பாதியைத் தாண்டிவிட்டது. வெள்ளைக்காரன் சீமையில் நடக்கும் சண்டையால் மண்ணெண்ணெய்க்குத்தான் பாடாய்ப் படுகிறோம்.

நம் பந்தயம் நினைவிருக்கிறதா? சித்திரையில் ஊருக்கே முதலாகப் பூட்டும் ஏரைப் பொன்னேர் என்கிறோம். "ஏர் மொனையில இருக்கற கொழு இரும்பாச்சே, பொன்னு எங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல இரும்பும் பொன்னுதானுங்க மச்சான். பொலிவா இருக்கறதெல்லாம் பொன்னு. காதுல போடறது மட்டுந்தான் பொன்னுங்கறது பொறவு வந்த சங்கதி" என்றாய்.

விழுந்து விழுந்து சிரித்தேன். நீ சொல்வது மெய்யானால், தலைமுறை தலைமுறையாக எங்கள் வீட்டுக்கு இருக்கும் முதல் ஏர் உரிமை இனி உன் வீட்டுக்கு என்று வீறாப்பாகச் சொல்லியும் வைத்தேன். சேந்தமங்கலத்துத் தமிழ் வாத்தியாரிடம் கேட்பதாக இருந்தோம். அதற்குள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஏன் அத்தனை அவசரம்?

போன மாதம் மிளகு மூட்டையோடு மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, அப்படியே சேந்தமங்கலம் போனேன். வாத்தியாரைப் பார்த்துக் கேட்டும்விட்டேன்.

"மின்னற உலோகம் எல்லாத்துக்குமே பொன்னுன்னுதாங்க பேரு. வெள்ளி வெண்பொன், இரும்பு கரும்பொன். பொலிவிலிருந்து வந்த சொல்லுன்னு சொல்லுவாங்க" என்றார். அவருக்கு நீ முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாயோ என்று எனக்குச் சந்தேகம்.

திரும்பி மலை ஏறும்போது மனசு ஒரு கணக்குப் போட்டது. பந்தயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் போயாயிற்று. நான் வாயைத் திறக்காவிட்டால் முதல் ஏர் எனக்கேதான். பாதி மலைவரை இதே முடிவு. அப்புறம், இப்போது நீ இருந்தால் எப்படிக் கூத்தாடியிருப்பாய் என்று நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. வழியில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு, நேராக உன் வீட்டுக்குத்தான் போனேன்.

தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ராகி களி கிண்டுவதை நிறுத்தவேயில்லை.

"தெரியுமுங்கண்ணா. காய்ச்சல்ல கெடந்தப்பவே சொல்லிட்டாரு. 'மச்சான் கேட்டுட்டு வந்து தானாச் சொல்லுவாரு, நீயாப் போயிக் கேக்காதே'ன்னாரு."

அவள் போட்ட களியைத் தின்றுவிட்டுத்தான் கிளம்பினேன், மாப்பிள்ளை.

இன்று காலை பொன்னேர் பூட்டினோம். உன் மகன் முன்னால், நான் பின்னால். ஊரே கேலி செய்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

என் கையில் மேழி பிடிக்கத் தெம்பு இருக்கும்வரை உன் வீட்டு ஏருக்குப் பின்னால்தான் என் ஏர் போகும், இது சத்தியம். பாதி மலைவரை நான் போட்ட கணக்கை மட்டும் தங்கையிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிட்டேன், நீயும் சொல்லிவிடாதே.

தோற்றுப்போன சந்தோஷத்தில்,
உன் மச்சான்