மேனேஜருக்கு இரண்டு பை மணல்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மாலை ஆறேகால் மணிக்கு, யாரையும் கலந்தாலோசிக்காமல், முழுச் சுயநினைவோடு, கூடத்திலுள்ள கடல்நீர் மீன்தொட்டிக்கு மணல் போடுவது என்று முடிவெடுத்தேன். பின்னால் யாராவது விசாரித்தால் காட்டுவதற்காக நேரத்தைக் குறித்து வைக்கிறேன்.

தொட்டி மனைவியுடையது. அவள் நர்ஸ், இரண்டு வாரப் பயிற்சிக்காக வெளியூர் போய் மூன்று நாளாகிறது. தொட்டியில் மூன்று மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஜோடி ஒன்று: பெண் பெரியது, முன்னால் போகும்; ஆண் சின்னது, பின்னால் போகும். இந்த ஏற்பாட்டை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாமவர் மேனேஜர். நாள் முழுதும் பாறைப் பொந்தில் உட்கார்ந்து மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பதால் அந்தப் பெயர். மணலை வாய் நிறைய அள்ளி, அதிலிருக்கும் பூச்சிகளைத் தின்றுவிட்டு, மணலைச் செவுள் வழியே வெளியேற்றும் இனம். ஊரில் எல்லோருக்கும் வாயில் மண் விழுந்தால் பிழைப்புப் போகும். இவருக்கு விழுந்தால்தான் பிழைப்பு. தொட்டியில் மணல் குறைந்து போய், வயிறு ஒட்டிக் கிடக்கிறார்.

"மேனேஜர் இளைச்சுட்டான். நான் வந்து மணல் போடுறேன். நீங்க தீனி மட்டும் போடுங்க, வேற எதுலயும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். கடைசிப் பகுதியை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

போட்டாயிற்று.

வளர்ப்புமீன் கடையில் இரண்டு பை மணல் வாங்கினேன். ஒன்று ஈரமாக, கடல் வாடையோடு இருந்தது. அழுக்கு என்று தீர்மானித்து, குழாயடியில் வைத்து ஏழு தண்ணீர் அலசினேன். மற்றது உலர்ந்து, முகப்பவுடர் போல வெள்ளையாக, குளித்துவிட்டு வந்தவரைப் போல இருந்தது. அதை அப்படியே கொட்டினேன்.

தொட்டி பாலானது. மீன் தெரியவில்லை. பாறை தெரியவில்லை. உள்ளே விட்ட என் கையே தெரியவில்லை.

அதன் பிறகு பைகளைப் படித்தேன். ஈரப் பையில்: 'உயிர் மணல். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் உள்ளன. கழுவ வேண்டாம்.' உலர்ந்த பையில்: 'நீர் தெளியும் வரை கழுவவும்.'

துவைக்கும் இயந்திரம், மின்அடுப்பு இவற்றோடு வரும் செய்முறைச் சீட்டுகளைப் பிழை திருத்துவது என் தொழில். பத்தொன்பது ஆண்டு அனுபவம். இரண்டு பையிலும் பிழை எதுவும் இல்லை.

மார்ச் 5, வியாழன்

மனைவியின் தம்பி வந்தான். "என்ன மாமா, பால் பண்ணை ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றான். பிறகு யோசனை சொன்னான்: தண்ணீரைச் சுழற்றும் பம்பை அடிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். "தூசியெல்லாம் மேல வந்துடும் மாமா, ஃபில்டர் இழுத்துக்கும்."

திருப்பினோம். மேலே வந்தது. எல்லாமே வந்தது. அவன் அவசர வேலை இருப்பதாகக் கிளம்பிவிட்டான்.

மாலை அவள் வீடியோவில் அழைத்தாள். என் முகத்தைக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

"உங்க மூஞ்சியப் பாத்தது போதும். தொட்டியக் காட்டுங்க."

சார்ஜ் இல்லை என்றேன். எழுபத்திரண்டு சதவீதம் இருந்தது.

மார்ச் 6, வெள்ளி

ஜோடி கண்ணாடியோரம் வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. மேனேஜர் இல்லை. தீனி போட்டும் வரவில்லை.

நான் மணலைக் கொட்டிய இடம் எது? பொந்துக்கு நேர் மேலே. அங்கேயா கொட்டுவாங்க? கண்ணு எங்க போச்சு எனக்கு? அடியில கெடக்கானா? உசுரோட இருக்கானா — வாய்க்கு மண் போடப் போய் அவன் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டேனே. அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?

மார்ச் 7, சனி

மீன் கடை அம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவரைப் போல முகம் மாறாமல் கேட்டார்.

"ஏன் சார், அவ்வளவு பெரிய எழுத்துல போட்டிருக்கே?"

குறிப்பேட்டைத் திறந்து அவர் சொல்வதை எழுதிக்கொண்டேன். பம்பை மேல்நோக்கித் திருப்ப வேண்டும். தண்ணீர் மேலே அலையடித்தால்தான் மீனுக்கு மூச்சு. ஃபில்டரில் அடர்ந்த பஞ்சு வைத்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீரில் மீனுக்கு நஞ்சான அம்மோனியா ஏறுகிறதா என்று தினமும் சோதிக்க வேண்டும்.

"மத்த நேரம்?"

"மத்த நேரம் கையக் கட்டிக்கிட்டு உக்காருங்க. உங்க கைதான் சார் கலக்கிக்கிட்டே இருக்கு."

"மேனேஜரைத் தோண்டிப் பார்க்கவா?"

"தோண்டுறது அவன் தொழில் சார். வழி அவனுக்குத் தெரியும். நீங்க போய் அவன் வீட்டை இடிக்காதீங்க."

முடிவெடுத்துவிட்டேன். இது இந்த வாரத்தின் இரண்டாவது முடிவு: ஒன்றும் செய்வதில்லை. என்ன வந்தாலும் செய்வதில்லை.

மாலை அவள் அழைத்தபோது கேமராவைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.

"கழுவலையா?"

"ஒரு பையக் கழுவினேன்."

"எதை?"

"கழுவ வேண்டாததை."

"மேனேஜர் எங்க?"

"தெரியல. புதன்கிழமையிலிருந்து காணோம்."

"பஞ்ச மாத்துங்க" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஆறு, பத்து, இரண்டு, ஆறு. ஒவ்வொரு பஞ்சும் சுண்ணாம்பு அடித்த துணி போல வந்தது.

தெளிவை அளக்க ஒரு வழி செய்தேன். துவைக்கும் இயந்திரத்துச் செய்முறைச் சீட்டின் அச்சுப்படி ஒன்றைத் தொட்டியின் பின்கண்ணாடியில், எழுத்து உள்ளே பார்க்கும்படி ஒட்டினேன். இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மூன்று நாள் விடுப்பு கேட்டு எழுதினேன். காரணம்: குடும்பத்தில் ஒருவரைக் காணவில்லை.

மார்ச் 9, திங்கள்

தலைப்பு தெரிகிறது.

மார்ச் 10, செவ்வாய்

உட்தலைப்புகள் தெரிகின்றன. பாறை மேல் மாவு போலத் தூசி படிந்திருக்கிறது. துடைக்கக் கை பரபரத்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன்.

மைத்துனன் ஒரு மருந்துப் புட்டியோடு வந்தான். "ரெண்டே சொட்டு மாமா. கண்ணாடி மாதிரி ஆயிடும்." புட்டியையும் அவனையும் சேர்த்தே வாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

"நீங்க சும்மா இருந்து நான் பாத்ததே இல்ல மாமா."

"நல்லாப் பாத்துக்கோ."

அம்மோனியா: மிக லேசாக. நேற்றும் அதே.

மார்ச் 12, வியாழன்

காலையில் அடிக்குறிப்பு வரைக்கும் படிக்க முடிந்தது. சீட்டிலேயே பொடி எழுத்து அதுதான்: 'பழுது ஏற்பட்டால் தாங்களே கை வைக்க வேண்டாம்.' போன மாதம் நான் திருத்திக் கையெழுத்துப் போட்டது.

அம்மோனியா இல்லை. தண்ணீர் முழுக்கத் தெளிந்துவிட்டது. மேனேஜர் இல்லாததும் தெளிவாகத் தெரிகிறது.

மார்ச் 13, வெள்ளி

பாறையின் இடப்பக்கம், அடியில், ஒரு சின்ன மணற்குவியல். நேற்று இருந்ததா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

தொடவில்லை.

மார்ச் 14, சனி

வந்துவிட்டாள். தோள்பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் மண்டியிட்டாள். குவியலைக் காட்டினேன். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் இருக்கும்.

குவியலுக்குப் பின்னால் மணல் சரிந்தது. ஒரு தலை வந்தது. வாய் நிறைய அள்ளியது. இரண்டு செவுளிலும் மணல் பொழிந்தது.

"இளைப்பு அப்படியேதான் இருக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்கண்ணாடியில் இருந்த சீட்டை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அடிக்குறிப்பை இரண்டு முறை படித்தாள்.

மார்ச் 15, ஞாயிறு

தொட்டி மூடிக்கு ஒரு பூட்டு வாங்கி வந்து மாட்டினாள். இரண்டு சாவி. ஒன்று என் சாவிக்கொத்தில் இருக்கிறது.