சுருதி இறங்கின நாள்

சில்க்போர்க், டென்மார்க், ஒக்டோபர் 11, சனி இரவு

இவர் கலியாணத்துக்கு முதலே கேட்டுத் திரிஞ்ச இங்கிலீசுப் பாடகரின்ர கச்சேரிக்கு இண்டைக்கு ஹொல்ஸ்டெப்ரோ வரைக்கும் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்தாள் பேஸ் கிற்றார் வாசிச்சுக்கொண்டே பாடுறவர். இவரும் எங்கட சபையில அப்பிடித்தான். போன வருசம் ஆராதனையில உச்சத்துக்குப் போகேக்க குரல் உடைஞ்சுது. அதோட பாட்டை விட்டிட்டார். இப்ப கிற்றார் மட்டும். பாஸ்டர் கேட்டாலும் "பாட்டுக்குழுப் பிள்ளையள் பாடட்டும்" எண்டுவார். வீட்டில அந்தக் கதையை எடுக்கவே ஏலாது.

அங்க பாட்டு ஒவ்வொண்டும் முடியிற மாதிரி வந்து முடியாது. நான் ரெண்டு தரம் அவசரப்பட்டுக் கைதட்டிப்போட்டன். முன்னுக்கு இருந்த டெனிஷ்காரி திரும்பிப் பார்த்தாள்.

அந்தாளுக்கு எழுபதுக்கு மேல. ஐம்பது வருசமா மேடையில நிக்கிறார். பேர்போன பாட்டுக்கு முதல் சிரிச்சுக்கொண்டு சொன்னார்: "இதை எழுதேக்க நான் இளந்தாரி. இப்ப சுருதியை இறக்கித்தான் பாடுறன். நீங்களும் அப்ப இருந்த மாதிரி இல்லைத்தானே!" சனம் சிரிச்சுது. இவர் சிரிக்கேல்லை. பாட்டு முடியுமட்டும் அந்தாளின்ர வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து வீட்டுக் கதவைத் திறக்கேக்க சொன்னார்:

"நாளைக்குச் சபையில நான் பாடுறன். பிள்ளையளைச் சுருதியை இறக்கி வாசிக்கச் சொல்லப்போறன்."

"ஓம், நல்லது" எண்டன்.

சுருதியை இறக்கினால் எனக்கும் குரல் எட்டும். இத்தனை வருசமும் இவரின்ர பாட்டுக்கு நான் வாயை மட்டும்தான் அசைச்சனான்.