பூண்டுத் தோட்டத்தில் இறங்கிய மெக்கானிக்

அன்புள்ள சண்முகவள்ளிக்கு,

நீயும் நம் மகள் தாரணியும் நலந்தானே? கொடைக்கானல் குளிரிலும் நான் சுகமே.

ஞாயிறன்று பழைய மோட்டார் சைக்கிள் சங்கத்தார் இங்கே மேல்மலையில் உள்ள போளூருக்குக் கூட்டமாகக் கிளம்ப, மெக்கானிக்காக நானும் ஜீப்பில் போனேன். வழியில் ஒருவருக்குத் தலைசுற்றியதால் அவர் வண்டியை நான் ஓட்டினேன். "வலது கால்ல கியருங்க, இடது கால்லதான் பிரேக்கு" என்று கேட்காதவர்களுக்கும் காலையிலிருந்து பாடம் எடுத்தவன் நானேதான். வளைவில் மாடு குறுக்கே வர, புது வண்டி ஓட்டும் பழக்கத்தில் பிரேக் என்று வலது காலை அழுத்தினேன். பூண்டுத் தோட்டத்துக்குள் போய் விழுந்தேன்.

தோட்டக்காரி மாயக்காள், "வெரசா எந்திரிங்க, பூண்டு நசுங்குது" என்றாள்.

வண்டிக்குக் கீறல்கூட இல்லை. எனக்கு முதுகில் லேசான பிடிப்புதான்.

ஜீப்காரர் ஹாரன் அடிக்கிறார், முடிக்கிறேன். தைலம் ஒரு புட்டி வேண்டும். பொங்கலுக்குத்தான் வருவேன் என்றாய். பார்சலில் அனுப்பாமல் இப்போதே கொண்டுவந்தால் நல்லது. முதுகுக்கு என் கை எட்டவில்லை.

உன்
குமரகுரு