ஒட்டு கரைஞ்சிட்டு

நாள் 3 | காலை 07:15 | ஆழம் 60 மீட்டர்

அழுத்தம் சீர். வெப்பம் 29. கேமராவின் லென்ஸ் நேற்று விரிசல் விட்டது. இனி கப்பலில் இருப்பவர்களால் என்னைப் பார்க்க முடியாது.

இந்த நோட்டைக் கண்டெடுப்பவருக்கு: நான் ரொசாலின், வயது நாற்பத்தாறு, தூத்துக்குடிக்காரி. என் வலது நுரையீரலில் இருந்த கிழிசலை மூடியிருப்பது நானே உருவாக்கிய ஒட்டு. நாற்பத்திரண்டு நாளில் அது கரைந்துவிடும். அதற்குள் அடியில் என் சொந்தத் திசு வளர்ந்திருக்கும். ஆழ்கடல் அழுத்தத்திலும் இதே கணக்கு நிற்குமா? அதற்காகத்தான் கம்பியில் தொங்கும் இந்த இரும்பு அறையில் தனியாக இருக்கிறேன். ஏற்றுவதும் இறக்குவதும் கப்பல்காரர்கள் கையில்.

சுவாசிப்பது ஹீலியம் கலந்த காற்று. குரல் கீச்சென்று ஆகிவிடுவதால், என் பேச்சை ஒரு கருவி எழுத்தாக்கி மேலே காட்டுகிறது. கப்பலில் அதைப் படித்துப் பதில் சொல்பவன் வால்டன்:

“யக்கா, ஒங்க கொரல் தாராக்குஞ்சு மாரி கேக்கு. மெஷின் இல்லன்னா சிரிச்சே செத்திருப்பேன். இங்க மத்தியானம் சீலா மீன் கொழம்பு. நீங்க பொட்டலத்தப் பிரிங்க.”

நாள் 9 | மாலை 16:40 | 60 மீட்டர்

ஸ்கேன் எடுத்தேன். ஒட்டில் எழுபது சதவீதம்தான் மீதி. எண்பத்தைந்து இருக்க வேண்டும். கருவியைத் துடைத்து மூன்று முறை பார்த்தேன். எழுபதுதான்.

உட்கார முடியவில்லை. அறை ஆறு தப்படி நீளம். இருநூறு தடவை நடந்திருப்பேன். இருபது வருடமாக, சொன்ன நாளில் காணாமல் போகும் பொருள்களைச் செய்வதே என் வேலை. அதில் எனக்குக் கர்வம் உண்டு. ஆடுகளுக்குப் பொருத்தினோம், எல்லாம் பிழைத்தன. ஆனால் அவை தரையில் மேய்ந்த ஆடுகள்.

நாள் 12 | காலை 11:20 | 60 மீட்டர்

நாற்பது சதவீதம். அழுத்தம் ஒட்டின் இழைகளுக்குள் நீரைத் திணிக்கிறது. இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

ஒட்டு இன்னும் நான்கு நாள் தாங்கலாம். உடம்பு தாங்கும் வேகத்தில், மணிக்கு ஒரு மீட்டர் ஏறினால் இரண்டரை நாளில் மேலே போய்விடலாம். வழியில் துளை திறந்தால்தான் ஆபத்து. கசியும் காற்று, அறை ஏற ஏற விரிந்து நுரையீரலை நசுக்கும். நாளை காலை ஆறுக்குப் புறப்பாடு. கப்பலில் இருக்கும் டாக்டருக்கும் சம்மதம்.

மூன்று நாளாகத் தூக்கமில்லை. வால்டன்:

“ராத்திரி பூரா நடக்கிய. மெஷின் ‘காலடி, காலடி’ன்னு அடிச்சித் தள்ளுது. கொஞ்சம் படுங்க யக்கா.”

நாள் 14 | காலை 10:40 | 31 மீட்டர்

ஒட்டு இல்லை. நான்கு நாள் என்ற என் கணக்கும் பொய்த்துவிட்டது. திசு மெல்லிய படலமாக வளர்ந்திருக்கிறது. நடுவில் கடுகளவு துளை, கொஞ்சம் கசிவு. மூச்சு இழுத்தால் குத்துகிறது.

ஆனால் வழி இருக்கிறது. இதே ஆழத்தில் நின்றால் பத்து நாளில் துளை மூடிவிடும். உணவு பன்னிரண்டு நாளுக்கு உண்டு. மைக்கில் சொன்னேன்: “ஒட்டு கரைஞ்சிட்டு. மேல ஏத்தாதீங்க.”

வால்டனின் ஷிஃப்ட் முடிந்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த புதுப் பெண்:

“மெசேஜ் வந்துச்சு மேடம். டாக்டரைக் கேட்டுட்டு உடனே பண்றேன்.”

பத்து நாள் போதும். தூக்க மாத்திரை போட்டுவிட்டேன். தூங்கப் போகிறேன்.

நாள் 14 | பிற்பகல் 14:35 | 17 மீட்டர்

வலியில் விழித்தேன். 17. தவறாகப் படிக்கிறேன் என்று நினைத்தேன். இல்லை. ஏறிக்கொண்டிருக்கிறது.

ஒலிப்பதிவு ஒன்று காத்திருந்தது. வந்த நேரம் 11:05.

“மேடம், கரைஞ்சிட்டு அப்புறமா ஏத்தாதீங்கன்றீங்க, அதானே? டாக்டரும் ஓகே சொல்லிட்டாரு. கரையறதுக்கு முன்னாடியே தூக்கிடறோம். இனிமே மணிக்கு நாலு மீட்டர். மூட்டு வலிக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

எங்கள் ஊரில் கரைஞ்சிட்டு என்றால் கரைந்துவிட்டது. வாக்கியம் அங்கேயே முடிந்தது. கருவி புள்ளி வைக்காது. அவள் இரண்டையும் சேர்த்து, ‘கரைந்த பிறகு ஏற்றாதீர்கள்’ என்று படித்திருக்கிறாள்.

மைக்கை எடுத்தேன். நிறுத்து என்ற ஒரு சொல் போதும். வாயைத் திறந்ததும் வலது பக்கம் உள்ளே ஏதோ மடிந்தது. காற்றுதான் வருகிறது. குரல் இல்லை.

14:50 | 16

மறுபடி. மறுபடி. சுவரைத் தட்டக் கை எழவில்லை, பென்சிலை மட்டும்தான் நகர்த்த முடிகிறது. கப்பலில் மைக்கை மூட மறந்திருக்கிறார்கள். அவள் யாரிடமோ சொல்கிறாள்:

“திரையில பாருங்க, ‘மூச்சொலி, மூச்சொலி’ன்னே வருது. பாவம், மூணு நாளா தூங்கலையாம். இப்பதான் அசந்து தூங்கறாங்க. மேல வர்ற வரைக்கும் யாரும் கூப்பிடாதீங்க.”

தூங்கவில்லை

15

தூங்கவில்