டப்பா மாறாத நாள்

என் ஸ்டெல்லாவுக்கு,

நம் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். இதை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

யாழினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. பெற்றவள் நான் இருக்க, உன் ஜோயலிடம் காட்டிவிட்டு அப்புறம்தான் என்னிடம் வந்து வாயைத் திறந்தாள், கழுதை. அவன் இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். ‘மந்தைவெளி’ என்று பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ்ஸே போய்விடுகிறது. புது ஷூவுக்கு லேஸ் உண்டு. தானே கட்டுவானாம், யாரும் கிட்டே வரக்கூடாதாம். கட்டின மறு நிமிடம் அவிழ்ந்துவிடுகிறது. இந்த வீம்பு யாருடையது என்று உனக்கே தெரியும்.

யூகேஜி முடிந்ததும் பையன்களை அனுப்பிவிடும் பள்ளி அது என்று சேர்க்கும்போதே நமக்குத் தெரியும். “அப்போ பாத்துக்கலாம்டி” என்று சிரித்தாய். அந்த அப்போ வந்தபோது நீ இல்லை. யாழினி அங்கேயே இருக்கிறாள். ஜோயல் சாந்தோம் பக்கம் ஆண் பிள்ளைகள் பள்ளிக்கு மாறிவிட்டான்.

இதில் எனக்கு என்ன பயம் தெரியுமா? டப்பா.

நான் கட்டும் சப்பாத்தி உருளைக்கிழங்கை என் மகள் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். உன் எலுமிச்சைச் சாதத்தை உன் மகன் மூஞ்சியைச் சுளித்து அப்படியே திருப்பிக் கொண்டுவருவான். ஒரு நாள் கேட் வாசலில் நின்று இரண்டு பேரும் புலம்பி, கடைசியில் நீதான் வழி சொன்னாய். “உன் பொண்ணுக்கு நான் கட்டுறேன், என் புள்ளைக்கு நீ கட்டு.” அன்றிலிருந்து யாழினி பையில் ஜோயலின் சாப்பாடு, ஜோயல் பையில் யாழினியின் சாப்பாடு. மணி அடித்ததும் பாதாம் மரத்தடியில் மாற்றிக்கொள்வார்கள். மிஸ்ஸெல்லாம் சிரிப்பார்கள்.

நீ போன பிறகு, யாழினி டப்பாவையும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அந்தோணியிடம் சொன்னேன். உன் வீட்டுக்காரர் கேட்கவில்லை. “வேணாங்கா. அது ஸ்டெல்லா கட்டின டப்பா, நான் நிறுத்த மாட்டேன்” என்றார். முதலில் உப்புக் கரித்தது, புளித்தது. யாழினி புகார் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு சாப்பிடு என்று அதட்டினேன். கொஞ்ச நாளில் டப்பா வழித்து நக்கியதுபோல் வர ஆரம்பித்தது.

ஆனால் ஜோயல், அப்பா கை பட்ட எதையும் தொடுவதில்லை. தட்டை வைத்தால், வாயில் வைத்துப் பார்க்காமலே தள்ளிவிடுவான். ராத்திரிச் சாப்பாடும் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. “எம் மேல இன்னா கோவம்னு தெர்லக்கா” என்று அந்தோணி ஒரு நாள் என் வாசலில் நின்று அழுதார். ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தன் கோபம் எதன் மேல் என்று எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் பட்டினி கெடக்காமப் பாத்துக்கோடி” என்று நீ சொன்னது மட்டும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.

பள்ளி திறந்த அன்று தெரு முனையிலேயே டப்பாவை மாற்றிக் கொடுத்துவிடுவது என்று நானும் அந்தோணியும் பேசி வைத்திருந்தோம். எங்கே? புது ஷூ, ரெட்டைச் சடை, போட்டோ, அழுகை. பழைய பழக்கத்தில் பைக்குள் வைத்தது வைத்தபடியே இரண்டும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டன. தரமணி ஆபீசில் என் டப்பாவைத் திறக்கும்போதுதான் பொட்டில் அடித்தாற்போல் நினைவு வந்தது: ஜோயல் பையில் இருப்பது அவன் அப்பா கட்டின எலுமிச்சைச் சாதம்.

அந்தோணிக்குப் போன் செய்தேன். “ஐயய்யோ, மறந்தே பூட்டேனேக்கா!” என்று அலறினார். வேலை செய்யும் மருந்துக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, என் சமையல் கிடைக்காதென்று ஓட்டல் சப்பாத்தி வாங்கிக்கொண்டு ஜோயலின் பள்ளிக்கு ஓடியிருக்கிறார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அதற்குப் பிறகு நான் ஆபீசில் இருந்தேனே தவிர ஒரு வேலையும் ஓடவில்லை. பர்மிஷன் சொல்லிவிட்டுக் கிளம்பி, யாழினியையும் அழைத்துக்கொண்டு அந்த கேட்டுக்குப் போனால், ஓட்டல் பொட்டலம் கையில் ஆறிப்போய்க் கிடக்க அந்தோணி அங்கேயே நிற்கிறார்.

ஜோயல் லேஸ் இழுபட இழுபட வந்தான். அந்தோணி டப்பாவை வாங்கித் திறந்தார். காலி.

“யாருக்குடா குடுத்த?”

“நான்தான் துன்னேன்.”

“நெசமாவா?”

பிள்ளை அப்பாவை முறைத்துப் பார்த்தான் ஸ்டெல்லா. கண் நிறையத் தண்ணீர். “அம்மா செஞ்சா மாதிரியே கீது. தெனம் செஞ்சிக்கினுதானே இருந்த? யாழினிக்கு மட்டும் குடுத்தியே, எனக்கு ஏன் குடுக்கல?”

நீ இருந்தபோது ஒரு வாய் தொடாத சாதம் அது. அவனுக்குப் பிடிக்காதென்றுதானே அந்த மனுஷன் வீட்டில் அதை எடுத்து வைக்கவேயில்லை. அந்தோணி நடுத்தெருவில் மண்டியிட்டார். அழுதுகொண்டே லேஸைக் கட்டினார். அவன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

“என்னுது சுமார்தாம்மா இருந்துச்சு” என்றாள் என் மகள், யாரும் கேட்காமலே.

ஒன்று சொன்னால் திட்டாதே. எனக்குச் சந்தோஷம்தான், அது உண்மை. கூடவே ஒரு பொறாமையும் வந்தது. இனி என் டப்பா அவனுக்கு வேண்டாமா? மறுநாள் காலை பழக்கத்தில் அவனுக்கும் சேர்த்து மாவு பிசைந்துவிட்டு, அடுப்படியில் சும்மா நின்றேன். அந்தோணி கட்டும் சாதம் இனி ஜோயலுக்கு. அந்தச் சப்பாத்தியை யாழினி சாப்பிட்டுத்தான் ஆகவேண்டும் இனிமேல், முகத்தைத் தூக்கிக்கொண்டாவது.

ஜோயலுக்கு டப்பா கட்டுவதை நிறுத்திவிட்டேன், ஸ்டெல்லா. நீ சொன்னதை மீறவில்லை. அவன் பட்டினி கிடக்கமாட்டான், அது என் பொறுப்பு. ஆனால் அவன் அப்பா கையால் சாப்பிடட்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவர்கள் என் வீட்டுக்கு வரும்போது சப்பாத்தி சூடாக இருக்கும். அன்றைக்கு மட்டும் அவன் என் பிள்ளை.

உன்னைவிடச் சில மாதம் மூத்தவள் என்பதற்காக உன் மகன் வாயால் நீ வாங்கித் தந்த உறவில்,
ஜோயலின் பெரியம்மா
கல்பனா