பின் சுவர், அறுபத்திரண்டு மீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் நிலையம் கட்ட மூன்று கம்பெனிகள் மதிப்பீடு கொடுத்ததில், நான் கணக்குப் போட்ட எங்களுடையதுதான் குறைவு. முதலாளி என் மேஜை வரை நடந்து வந்து "கலக்கிட்டம்மா" என்றார். பதினோரு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டுவது இது இரண்டாவது முறை. முதல் முறை, என் கல்யாணத்துக்கு மூன்றே நாள் லீவு கேட்டபோது.

பதினெட்டாம் தேதி ஒப்பந்தம். நிலையத்தின் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற நர்ஸ். இருந்த வீட்டை விற்று இதில் போட்டுவிட்டுத் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறார். ஆறு படுக்கை.

கையெழுத்தானால் சம்பளம் ஏறும் என்று கணவரிடம் சொன்னேன். கடையை மூடி ஆறு மாதமாக வீட்டில் இருக்கும் மனிதர். முகம் அப்படி மலர்ந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாமோ?

மார்ச் 6, வியாழன்

மனையைப் பார்க்கப் போனேன். பின்பக்கம் மேடு. அங்கே மண் சரியாமல் தாங்க ஒரு சுவர் வரும். வேலி ஓரமாகச் சும்மா நடந்தேன். நடந்தால் எண்ணாமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. எண்பத்தெட்டு காலடி. என் மதிப்பீட்டில் அந்தச் சுவர் நாற்பத்துநான்கு மீட்டர்தான், அறுபத்துச் சொச்சம் காலடி போதும். வயசாகி நடை குறுகிவிட்டது என்று சிரித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பும்போது சிரிப்பு வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காவலாளியை டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். அறுபத்திரண்டு.

ஆபீசுக்கு ஓடி வந்து வரைபடத்தை விரித்தேன். அறைகளுக்கெல்லாம் அளவு எழுதியிருக்கிறது. இந்தச் சுவருக்கு மட்டும் இல்லை, அதனால் அன்று அளவுகோலை வைத்து நானே அளந்து எழுதியிருக்கிறேன். இப்போது ஆறு மீட்டர் என்று எழுதியிருக்கும் அறையின் மேல் கோலை வைத்தேன். நாலே கால் காட்டியது. பெரிய தாளில் வரைந்ததைச் சின்னத் தாளில் சுருக்கி அச்சடித்திருக்கிறார்கள்.

கோல் வைக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்ச ஓர் அளவை வச்சுச் சரிபார்க்கணும் — இதை எத்தனை பேருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கேன்! புத்தி எங்க போச்சு? மாசக் கடைசி, அவசரம், தலைவலி. எல்லாம் சாக்கு.

பதினெட்டு மீட்டர் விட்டுப்போயிருக்கிறது. ஒன்பது லட்சம். அதைச் சேர்த்தால் நாங்கள் இரண்டாவது.

மார்ச் 10, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். கத்துவார் என்று பார்த்தேன், கத்தவில்லை. கதவைச் சாத்தச் சொன்னார்.

"கையெழுத்து ஆகட்டும். வேலை பாதி நடந்தப்புறம் கூடுதல் வேலைன்னு பில் போட்டுக்கலாம். கட்டடத்தை அப்படியே விட்டுட்டு அந்தம்மா எங்க போயிடுவாங்க?"

அவரிடம் வேறு பணம் இல்லை என்றேன். அது உன் கவலையா என்று கேட்டார். சம்பள உயர்வை அவரே ஞாபகப்படுத்தினார்.

மார்ச் 11, செவ்வாய்

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். பாதியில் பணம் கேட்டால் அவங்க என்ன பண்ணுவாங்க என்றார். அது எனக்குத் தெரியும். கட்டடம் கூரை இல்லாமல் நிற்கும்.

"உனக்கு வேலை போயிடுமா?"

தெரியலை. தெரியலைங்க.

மார்ச் 13, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தங்கை வீட்டு மாடியில், கட்டில் மேல் வரைபடத்தை விரித்துக் காட்டினேன். நோயாளி சொல்வதைக் கேட்பதுபோல் நர்ஸம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். கோலை வாங்கித் தானே மூன்று முறை வைத்துப் பார்த்தார்.

"மருந்தளவு தப்பாப் போச்சுன்னு தானா வந்து சொன்ன நர்ஸுங்களை நான் விரல் விட்டு எண்ணிடலாம்" என்றார்.

ஆனாலும் குறைந்த விலைக்காரருக்குத்தான் கடன் தரும் வங்கி சம்மதிக்கும் என்றார். நன்றி என்று சொல்லவில்லை. கோபப்படவும் இல்லை. வரைபடத்தை மட்டும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 14, வெள்ளி

முதலாளியிடம் நானே ஒப்புக்கொண்டேன். என் மேஜை கிடங்குக்குப் போய்விட்டது. இனி சிமெண்ட் மூட்டை வந்தது, போனது. அளவுகோலையும் வாங்கித் தன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

மார்ச் 18, செவ்வாய்

கையெழுத்தாகியிருக்க வேண்டிய நாள். காலை முதல் தும்மல்.

மார்ச் 25, செவ்வாய்

வேலை இரண்டாவது கம்பெனிக்குப் போகப் போகிறதாம். என் காதில் விழும்படி முதலாளி போனில் சொன்னார். உண்மையைச் சொன்னால் நிம்மதி வரும் என்பார்களே. வரலை. வயித்தெரிச்சல்தான் வருது.

ஏப்ரல் 2, புதன்

நர்ஸம்மா கிடங்குக்கே வந்தார். பின்னாலேயே முதலாளி, முகமெல்லாம் குழப்பம்.

நர்ஸம்மா அந்த வரைபடத்தோடு மற்ற இரண்டு கம்பெனிக்கும் போயிருக்கிறார். உங்க கணக்குல பின் சுவர் எத்தனை மீட்டர் என்று கேட்டிருக்கிறார். ஒருவர் நாற்பத்துநான்கு என்றாராம். இன்னொருவரும் நாற்பத்துநான்கு. வரைபடக்காரர் எல்லாருக்கும் அனுப்பியது அதே சுருங்கிய தாள்தான்! மூன்று பேர் விலையிலும் அந்தச் சுவரைக் கூட்டினால் மறுபடியும் நாங்களே குறைவு.

"தப்பு மூணு பேரும் பண்ணியிருக்கீங்க. வந்து சொன்னது இவங்க மட்டும்தான். கணக்கு இவங்களே போடட்டும்" என்றார் முதலாளியிடம். பிறகு என்னிடம், ஒன்பது லட்சத்துக்கு எதையெல்லாம் விடலாம் என்று கேட்டார்.

சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். முன் முகப்பு வேண்டாம். வரவேற்பறை பாதி போதும். மாடிப்படி பிறகு. அவருக்கென்று இருந்த தனி அறையையும் அவரே அடித்துவிட்டார். ஆறு படுக்கையில் கை வைக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, தூசி என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

காலையில் கையெழுத்தானது. மதியம் முதலாளி வேறொரு வேலையின் வரைபடத்தை என் மேஜையில் வைத்தார். மேலே என் அளவுகோல். சம்பளத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

"கணக்கு அப்புறம் போடலாம். மொதல்ல போய் ஒரு தடவை நடந்துட்டு வந்துடும்மா" என்றார்.

பஸ் காசும் அவரே கொடுத்தார்.